ஏழு நூல் பம்ப்

மோரிஸ் மைனர் காருக்கு பிரேக் பம்ப் மொத்தம் ஏழு. முன்சக்கரங்களில் இரண்டிரண்டு, பின்சக்கரங்களில் ஒவ்வொன்று, இந்த ஆறுக்கும் எண்ணெய் தள்ளுகிற மாஸ்டர் பம்ப் ஒன்று. ஏழும் ஒரே பாதையில் கோத்த மணிகள். ஒன்று ஒழுகினால் ஏழும் படுத்துவிடும். இப்போதைய கார்களில் பிரேக் எண்ணெய் இரண்டு தனிப் பாதைகளில் ஓடுகிறது; ஒரு பாதை போனாலும் மற்றது பாதி வண்டியையாவது பிடித்து நிறுத்தும். அமெரிக்காவில் 1968-லேயே அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். எங்கள் மைனர் 1964-இல் செய்தது. அதற்கு ஒரே பாதைதான். அது போனால் ஹேண்ட் பிரேக்கும் குலதெய்வமும் துணை.

எங்கள் வண்டி ஒரேயடியாகப் படுக்கவில்லை. ஈப்போ சிலிபின் சாலை சிக்னலில் நிற்கும்போது, மிதித்த பெடல் காலடியில் மெல்ல மெல்ல இறங்கியது. வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா என் காலைப் பார்த்தார். “மாஸ்டர் பம்ப் வாஷர் போச்சும்மா. எண்ணெய் உள்ளுக்குள்ளயே திரும்பிப் போகுது. ஓரமா நிறுத்து.”

அன்று நிறுத்திய வண்டி புந்தோங்கில் எங்கள் வீட்டு முன்னால் ஐந்து மாதம் நின்றது.

இது தாத்தா வண்டி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் டிரஸ்சராக இருந்தார். சீமைக்குத் திரும்பிய சின்னத்துரை ஒருவர் 1972-இல் விற்றுவிட்டுப் போனதை வாங்கினார். தோட்டத்தில் ராத்திரி நேரத்தில் இடுப்புவலி கண்ட பெண்கள் சிலரைக் கோலகங்சார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது இதுதான். ஒரு குழந்தை ஆஸ்பத்திரி வரை பொறுக்கவில்லை, பின்சீட்டிலேயே பிறந்துவிட்டது. அவர் இப்போது கிள்ளானில் லாரி ஓட்டுகிறார். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தால் முதலில் வண்டிக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாமி கும்பிடப் போவார்.

தோட்டம் என்று சொன்னாலும் இப்போது அங்கே கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. லயங்கள் இருந்த இடத்தில் புல். கோயில் மட்டும் மேட்டில் இருக்கிறது. அதற்குப் போகிற செம்மண் பாதையில் நல்ல சரிவு ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அப்பா மைனரில்தான் அங்கே போவார். அவருக்கு 71 வயது. முட்டிவலி வந்த பிறகு ஓட்டுவது நான்.

அந்தச் சரிவில் பிரேக் இல்லாமல் இறங்க முடியாது. பிரேக்கை முழுதாகச் செய்ய ஆகும் செலவை விசாரித்தபோது அப்பாவின் முகம் சுருங்கியது. பழைய நகரத்தில் காப்பிக் கடை வைத்திருக்கும் ஒருவர் அதே சமயத்தில் வந்து பார்த்தார். வாசலில் அலங்காரமாக நிறுத்த வேண்டுமாம். 15,000 வெள்ளி தருகிறேன் என்றார். “பிரேக் ஓடலையே” என்றேன். “பரவாயில்ல சிஸ்டர், எஞ்சினே வேணாம்” என்றார்.

அப்பா மறுக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

நான் மீடியா படித்தவள். வேலை வானொலியில். ஸ்பேனரைப் பிடித்து வளர்ந்தவள் இல்லை. ஆனால் விசாரிப்பது என் தொழில். சரி, விசாரிப்போம் என்று இறங்கினேன்.

முதல் இரண்டு வாரம் ஈப்போவிலேயே அலைச்சல். நம் ஊரில் பழைய பாகம் என்றால் எல்லோரும் கைகாட்டுவது ஹாஃப் கட் கடைகளைத்தான். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் வண்டிகள் அங்கே மலைபோலக் குவிந்திருக்கும். டொயோட்டா, நிசான் என்றால் நாளைக்கே எடுத்துக்கொண்டு போகலாம். மோரிஸ் மைனர் என்றதும் ஒரு தவுக்கே தலையை ஆட்டினார்: “அமோய், இனி கெரெத்தா லாமா, பாராங் சூசா சாரி.” பழைய வண்டி, சாமான் கிடைப்பது கஷ்டம். இன்னொரு கடையில், “உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரிடமும் அதே பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மெமரி லேன் சந்தையில் ‘லாக்ஹீட்’ என்று எழுதிய தகர டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே திறந்தால் தாயக்கட்டை. டப்பா அழகாக இருந்ததால் வாங்கிவந்தேன். இப்போது ஸ்டூடியோவில் என் பேனாக்கள் அதில் இருக்கின்றன.

லாக்ஹீட் என்பதுதான் மைனரின் பிரேக் வகை. விமானம் செய்கிற லாக்ஹீட் பெயர்தானே என்று நீங்கள் கேட்டால், ஆமாம், ஒரே குடும்பம்தான். மால்கம் லோஹெட் என்ற அமெரிக்கர் தம்பியோடு விமானமும் செய்தார், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் காரின் பிரேக்கையும் உருவாக்கினார். அவர்கள் பெயரை ஜனங்கள் சரியாக உச்சரிக்கட்டும் என்றுதான் எழுத்தை மாற்றி லாக்ஹீட் ஆக்கினார்கள். 1921-இல் டியூசன்பெர்க் என்ற கார் நான்கு சக்கரத்திலும் அந்த பிரேக்கோடு வந்தது. அதற்கு முன் கம்பியும் கயிறும் இழுத்துத்தான் வண்டியை நிறுத்தினார்கள்.

பிரிட்டனில் விசாரித்தபோதுதான் ஓர் ஆச்சரியம். மைனருக்கு அங்கே புதுப் பாகம் இன்றும் செய்கிறார்கள். 1948-இல் வந்த வண்டி. பின்னால் மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தவர். பிரிட்டிஷ் கார்களில் 10 லட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் தொட்டது மைனர். மொத்தம் 16 லட்சம் செய்தார்கள். அவ்வளவு வண்டி ஓடிய நாட்டில் கொஞ்சமாவது மிஞ்சாதா? பாத் நகரத்தில் மைனருக்கென்றே பட்டறை நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், வண்டித் தகடுகளை இலங்கையில் செய்ய வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். துரைமார் நாட்டு வண்டிக்கு இலங்கைத் தொழிலாளி தகடு தட்டிக் கொடுத்திருக்கிறார்! இதைக் கேட்டு அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்.

பாகம் கிடைக்கிறது. விலையும் கொடுமை இல்லை. கொடுமை தபாலில் இருக்கிறது. டிரம் என்பது வார்ப்பிரும்புச் சட்டி; நான்கு டிரம்மை இங்கிலாந்திலிருந்து அனுப்பும் கூலி, டிரம்மின் விலையைத் தாண்டுகிறது. அதன் மேல் வரி. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. டிரம், ஷூ, ஏழு பம்ப், மூன்று ரப்பர் ஹோஸ் எல்லாம் சேர்த்து எனக்கு வந்த கணக்கு 3,200 வெள்ளியைத் தொட்டது. காப்பிக் கடைக்காரர் மறுபடி போன் செய்தார்.

அந்தக் கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் அந்த வாரம் நிகழ்ச்சிக்குப் போனேன். அன்றைய தலைப்பு, ‘உங்கள் வீட்டு முதல் வாகனம்’. சைக்கிள், வெஸ்பா, டட்சன் 120ஒய் என்று நேயர்கள் கொட்டித் தீர்த்தார்கள். நானும் நடுவே எங்கள் மைனரைப் பற்றி இரண்டு வரி சொன்னேன். பிரேக் பம்ப் தேடுகிறேன் என்பதையும்தான்.

மூன்று அழைப்புகள் வந்தன. ஒருவர் மைனரில் காதல் செய்த கதை சொன்னார், பாகம் இல்லை. சிம்மோரிலிருந்து ஓய்வுபெற்ற தோட்ட லாரி ஓட்டுநர் ஒருவர், “டிரம்ம ஏம்மா வாங்குற? கடைஞ்சு எடு. ஷூவுக்கு லைனிங் மாத்து. இரும்பு எங்கயும் போவாது, ரப்பர்தான் போவும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூன்றாவது, தெலுக் இந்தானிலிருந்து ஓர் அம்மா. கணவர் தோட்டக் கிராணியாக இருந்தவர், மைனர் வைத்திருந்தவர், தவறிப் பத்து வருடம் ஆகிறது. “அவரோட பிஸ்கட் டின் ஒண்ணு இருக்கு கண்ணு. என்னான்னு தெரியாது. வந்து பாரு.”

சனிக்கிழமை அப்பாவும் நானும் போனோம். டின்னுக்குள் 1970-ஆம் ஆண்டுத் தமிழ்ப் பேப்பரில் சுற்றிய இரண்டு சக்கரப் பம்புகள். பயன்படுத்தாதவை. மெழுகுத் தாள்கூடக் கிழியவில்லை. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணைப் படித்தார். கையை வைத்து அளந்தார். “முன்சக்கரம். எட்டு இஞ்ச் டிரம்முக்கு உள்ளது. நம்மளோடதுதான்.”

இந்த எட்டு இஞ்ச் கணக்கு முக்கியம். 1962-க்கு முன் வந்த மைனர்களில் முன் டிரம் 7 அங்குலம். எஞ்சினைப் பெரிதாக்கி 1098 சிசி ஆக்கியபோது முன் டிரம்மை 8 அங்குலமாக்கினார்கள். வண்டி பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் இதில் மாட்டிக்கொள்வோம். நான் ஆண்டையும் டிரம் அளவையும் எழுதிக் கேட்டிருந்தும், இணையத்தில் ஒரு விற்பனையாளர் 7 அங்குலத்து ஷூவை அனுப்பிவைத்தார். திருப்பி அனுப்பும் கூலி என் தலையில்.

அந்த அம்மா காசு வாங்க மறுத்தார். “அவர் வெச்சிருந்தது வண்டியிலயே ஓடட்டும்” என்றார். அப்பா வற்புறுத்தவில்லை. திரும்பும் வழியில் பீடோரில் நிறுத்தி, இரண்டு டஜன் கொய்யா வாங்கி, அதே வழியில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். பெட்ரோல் வீண் என்று நான் சொல்லவில்லை.

பம்புக்குள் இருந்த ரப்பர் வாஷர்கள் புளியங்கொட்டைபோல இறுகிப்போயிருந்தன. சிம்மோர்க்காரர் சொன்னதுதான். இரும்பின் உட்புறம் கண்ணாடியாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில் 3,200 வெள்ளித் தாளை விரித்துவைத்து இரண்டாகப் பிரித்தோம். கனமான சாமான் ஒரு பக்கம், எடை குறைந்த சாமான் ஒரு பக்கம். கனமானது எல்லாம் இரும்பு: டிரம், ஷூ, சக்கரப் பம்ப். அதை இங்கேயே செப்பனிடலாம். எடை குறைந்தது எல்லாம் ரப்பர்: வாஷர், ஹோஸ். அதை இங்கிலாந்திலிருந்தே வரவழைக்கலாம், தபால் கூலியும் குறைவு. அந்த ஒரு கோட்டிலேயே பாதிச் செலவு விழுந்தது.

இருந்தும் ஆசை விடவில்லை. இணையத்தில் மாஸ்டர் பம்ப் வாஷர் செட் 18 வெள்ளிக்கு விற்றார்கள். இங்கிலாந்து விலை அதைப்போல நான்கு மடங்கு. 18 வெள்ளிதானே என்று அதையும் ஒன்று வாங்கினேன். அதற்கு முன்னால் அளவு வேண்டுமே. அப்பா தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். கித்தாப் பால் உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுக்கும் இயந்திரங்களின் ரோலர், பேரிங் எல்லாம் அவர் கையில்தான். அந்தக் காலத்து வெர்னியரைத் துடைத்து எடுத்துவந்து மாஸ்டர் பம்பின் உள்விட்டத்தை அளந்தார்.

“ஏழு நூல்.”

எனக்குப் புரியவில்லை. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்றார். ஆகவே அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. தச்சரும் கொல்லரும் ஃபிட்டரும் பேசிய கணக்கு. பிரேக் குழாய் ஒன்றரை நூல். குழாய் நட்டு மூன்று நூல். பிரிட்டிஷ்காரன் அங்குலத்தில் செய்த வண்டி, அப்பா கையில் முழுக்க முழுக்கத் தமிழில் இருந்திருக்கிறது. எனக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

சென்னையில் என் கல்லூரித் தோழி இருக்கிறாள். புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் விசாரிக்கச் சொன்னேன். இந்தியாவின் அம்பாசிடரும் மோரிஸ் வம்சம்தான்; மோரிஸ் ஆக்ஸ்போர்டு அச்சில் வார்த்து 2014 வரை செய்தார்கள். அதனால் அங்குல அளவு ரப்பர் அங்கே இன்னும் கிடைக்கலாம் என்று ஒரு கணக்கு. அவள் முதல் கடையில் வண்டிப் பெயரைச் சொன்னாளாம், உதட்டைப் பிதுக்கினார்களாம். இரண்டாவது கடையில் நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தாளாம்: “ஏழு நூல் மாஸ்டர் கப் வாஷர்.” கடைக்காரர் பேசாமல் எழுந்துபோய் எடுத்துவந்து மேசையில் வைத்தாராம்.

ஆக, என் கையில் மூன்று வாஷர். இணையத்து 18 வெள்ளி, சென்னை, இங்கிலாந்து. மூன்றும் கறுப்பு, மூன்றும் ஒரே அச்சு. எது நல்லது என்று கண்ணுக்குத் தெரியாது. அப்பா மூன்று ஜாம் போத்தல் கேட்டார். ஒவ்வொன்றிலும் பிரேக் எண்ணெய் ஊற்றி ஒவ்வொரு வாஷரைப் போட்டு மூடி, பெயர் எழுதி ஒட்டி, சாமி அறை அலமாரிக்குக் கீழே வைத்தார். பத்து நாள்.

பிரேக் எண்ணெய் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரத்துக்கு நன்றாகவே உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும். ஈரம் சேர்ந்ததும் அந்த அளவு 140-க்கு இறங்கும். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பிரேக் சூட்டில் திரவம் கொதித்து ஆவியானால், பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். புது வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நிஜமான எண்ணெய், அதாவது எஞ்சின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ, இந்த ரப்பருக்கு விஷம். பட்டறைகளில் பம்பைக் கழற்றியதும் பெட்ரோலில் கழுவுவார்கள். அதன் மிச்சம் பட்டாலே வாஷர் ஊதும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் பிரேக் வாஷர் இயற்கை ரப்பர். இப்போது வருவது செயற்கை. இரண்டுக்கும் கனிம எண்ணெய் ஆகாது. அப்பாவுக்கு இது பாடமே இல்லை. “கித்தா மேல மண்ணெண்ண பட்டா என்னாகும்னு எங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1877-இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே வேலி போட்டு நிற்கிறது. அந்த மரத்தின் வழியில் பேராக் முழுக்கத் தோட்டம் ஆனது. தோட்டத்துக்காக நாங்கள் வந்தோம். பால் கப்பலேறிப் போனது. கார் கப்பலேறி வந்தது. வந்த காரின் பிரேக்கை ஒரு ரப்பர்க் கிண்ணம் தாங்கிப் பிடித்தது. அது பேராக் ரப்பர்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா அடித்துச் சொல்வார்.

பத்தாம் நாள் போத்தல்களைத் திறந்தோம். இங்கிலாந்து வாஷரும் சென்னை வாஷரும் போட்டபடியே இருந்தன. 18 வெள்ளி வாஷர் ஊதி, ஓரம் கொழகொழத்து, நகத்தால் கீறினால் பெயர்ந்தது. அதைப் போட்டிருந்தால் ஒரு மாதம் நன்றாகவே பிடித்திருக்கும். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகுதான் சரிவு.

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. ஈப்போவில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பிரேக் லைனிங் ஒட்டும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பழைய ஷூவின் தேய்ந்த லைனிங்கைச் செதுக்கி எடுத்துவிட்டு, புதியதைச் சூட்டில் அழுத்தி ஒட்டித் தருவார்கள். எட்டு ஷூவுக்கும் சேர்த்து 240 வெள்ளி. ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதுகிற பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

டிரம் கடையவும் பின்சக்கரப் பம்புக்கும் மெங்லெம்புவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். நடத்துபவர் 75 வயதைத் தாண்டிய சீனர். ஈயக் கப்பலில், அதாவது ஈயம் தோண்டும் டிரெஜ்ஜில் வேலை பார்த்தவர். தஞ்சோங் துவாலாங்கில் சுற்றுலாப் பயணிகள் இப்போது படம் எடுக்கிறார்களே, 1938-இல் கட்டிய ஐந்தாம் எண் கப்பல், அந்த மாதிரி ஒன்றில் பம்ப் ஃபிட்டர். 1985-இல் ஈய விலை சரிந்து ஈயத் தொழில் படுத்ததும் லேத் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார். தோட்டம் கைமாறியபோது அப்பா பிழைப்புக்கு ஈப்போ வந்த கதையும் ஏறக்குறைய இதுதான். ஆகவே இரண்டு பேரும் முதல் அரைமணி நேரம் பேரிங் பேசினார்கள். நான் தே ஓ குடித்தேன்.

பின்சக்கரப் பம்ப் இரண்டிலும் உட்சுவரில் துரு தின்ற குழிகள். அவர் அதைக் கடைந்து பெரிதாக்கி, உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை இறுக்கிச் சொருகி, பழைய அளவுக்கே மறுபடி கடைந்து கொடுத்தார். ஸ்லீவ் போடுவது என்பார்கள். வெளியே பழைய லாக்ஹீட் இரும்பு, உள்ளே ஈப்போ எஃகு. மாஸ்டர் பம்பிலும் குழிகள் இருந்தன. அதையும் நீட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது நான் செய்ய மாட்டேன், அமோய்.”

காரணமும் சொன்னார். மாஸ்டர் பம்புக்குள் ஊசிமுனை அளவு துளை ஒன்று உண்டு. பெடலை விட்டதும் எண்ணெய் திரும்பிப் போகும் வழி அது. ஸ்லீவ் போட்டால் அந்தத் துளையைப் புதிதாகப் போட வேண்டும். இம்மி தள்ளிப்போனால் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். துளையின் விளிம்பில் பிசிர் இருந்தால் வாஷரைக் கிழிக்கும். “பத்தில் ஒன்பது சரியாக வரும். பத்தாவது உன் வண்டியாக இருந்தால்?” என்றார். காசு வருகிற வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்தப் பட்டறையில்தான் நான் நம்பிக்கையோடு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். மாஸ்டர் பம்ப் மட்டும் இங்கிலாந்திலிருந்து புதிது. மூன்று ஹோஸும் அப்படியே.

ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. மண்வாரி இயந்திரங்களுக்கு எண்ணெய்க் குழாய் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்றில், “இது அதைவிட அழுத்தம் தாங்கும், 40 வெள்ளிதான்” என்று ஆசை காட்டினார்கள். அழுத்தம் தாங்கும், உண்மைதான். ஆனால் அந்தக் குழாயின் உட்புற ரப்பர் கனிம எண்ணெய்க்கென்று செய்தது. பிரேக் திரவம் அதைக் கரைக்கும். ஜாம் போத்தல் பார்த்தவளிடம் அது எடுபடவில்லை.

மூன்று நூல் நட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பான் வண்டிகளில் பிரேக் குழாய் நட்டு 10 மில்லிமீட்டர். மைனரில் மூன்று நூல், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். இந்தச் சின்ன நட்டு அந்தப் பெரிய துளையில் நுழையும், சுற்றும், பிடித்ததுபோலவே இருக்கும். அவசரமாக மிதிக்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். ஜப்பான் பாகத்தை மாற்றிப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

மைனரின் மாஸ்டர் பம்ப் ஓட்டுநர் காலடியில், தரைக்கு அடியில், சேஸிக்குள் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றவே கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். போல்ட்டை உருவ வந்தால் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். இசிகோனிஸ் பெரிய மேதைதான். இந்த இடத்தை வடிவமைத்த அன்று அவருக்கு யார் மேல் கோபமோ தெரியவில்லை. எங்கள் ஃபோர்மன் அண்ணன் முக்கால் நாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் பேசிய தமிழை வானொலியில் ஒலிபரப்ப முடியாது.

கடைசியாகக் காற்று எடுப்பது. மாஸ்டர் பம்புக்குத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். அப்பா முட்டிவலியோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். வேறு யாரையும் விடவில்லை. “மிதி” என்று கீழேயிருந்து ஃபோர்மன் அண்ணன் சொல்ல, அப்பா மிதிப்பார். “பிடி” என்றால் பிடிப்பார். “விடு” என்றால் விடுவார். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு குமிழி வருகிறதா என்று பார்த்தேன். நாற்பது ஐம்பது முறை மிதித்த பிறகு குமிழி நின்றது. அப்பா இன்னொரு தடவை மிதித்தார். பாதி வழியிலேயே பெடல் கல்லாக நின்றது. அவர் காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார், பெடல் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு.

மொத்தச் செலவு, கூலி உட்பட 1,460 வெள்ளி. கொய்யாவைச் சேர்க்கவில்லை. சென்னை வாஷர் அடுத்த முறைக்கு என்று லாக்ஹீட் டப்பாவில் பேனாக்களுக்கு நடுவே இருக்கிறது. காப்பிக் கடைக்காரருக்கு அப்பாவே போன் செய்து, “பிரேக் ஓடுது தம்பி, இனிமே உங்களுக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டார்.

திருவிழாவுக்கு முந்தின வாரம், வெறும் வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு நான் தனியாக அந்தச் செம்மண் சரிவில் மூன்று தடவை இறங்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் நின்றது. நிற்கும்போது லேசாக இடது பக்கம் இழுக்கிறது. புது லைனிங் டிரம்மில் இன்னும் முழுதாக உட்காரவில்லை, வலது முன்சக்கர அட்ஜஸ்டரை ஒரு பல் திருப்ப வேண்டும் என்கிறார் அப்பா. ஜாக்கி எடுத்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி முடிந்து நான் வர வேண்டுமாம்.